நாலாவது ஆள்

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பந்தே எழுதச் சொல்லிவிட்டார். தியானம் முடிந்து வீட்டுக்குப் போனதும் மனதில் வந்ததை அப்படியே எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம் என்றார். சத்துணவுக் கூடத்தில் பருப்பு, எண்ணெய், முட்டைக் கணக்கு எழுதியே கை தேய்ந்தவள் நான். சரி, இதையும்தான் எழுதிப் பார்ப்போமே.

எங்கள் புத்த விகாருக்கு இந்தப் பிக்கு வந்து ஒரு வருடம் இருக்கும்; பந்தே என்றுதான் கூப்பிடுவோம். அதற்கு முன்னால் டீசல் மெக்கானிக்காம். வயதில் என் மகள் தீபிகாவைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார், அவ்வளவுதான். அவர் சொல்லி நான் கண்ணை மூடி உட்கார வேண்டும் என்பது என் தலையெழுத்து. ஆனால் குரல் நல்ல குரல், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இன்று மைத்ரி தியானம் ஆரம்பித்தார். நாலு பேரை வரிசையாக மனதில் நிறுத்தி நல்லது நினைக்க வேண்டும். முதல் ஆள் நாமே. இரண்டாவது ஆள் நமக்குப் பிரியமானவர். மூன்றாவது, தினமும் பார்ப்போம், விருப்பும் இருக்காது வெறுப்பும் இருக்காது, அப்படி ஒருவர். நாலாவது, யாரை நினைத்தால் வயிறு எரிகிறதோ அவர். ஒவ்வொருவருக்கும் "நலமாக இருக்கட்டும், பயமில்லாமல் இருக்கட்டும், பகையில்லாமல் இருக்கட்டும்" என்று சொல்ல வேண்டும்.

"ரெண்டாவது எடத்துல செத்துப்போனவங்கள வைக்காதீங்க. உயிரோட இருக்கறவங்களத்தான் வைக்கணும்" என்றார். எல்லோருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். எனக்கென்னவோ என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. தீபிகாவை வைத்துக்கொள்கிறேன் என்று தலையாட்டினேன். வைத்தது என் வீட்டுக்காரரைத்தான்.

முதல் ஆளை ஒரு நொடியில் தாண்டிவிட்டேன். எனக்கு என்ன குறை.

மூன்றாவது ஆளுக்கு எத்திராஜ் கிடைத்தார். குட்டி யானை லோடு வண்டி வைத்துக்கொண்டு தண்ணீர் கேன் போடுகிறவர். பள்ளிக்கூடத்துக்கும் என் வீட்டுக்கும் விகாருக்கும் அவர்தான். கோடை ஆரம்பத்திலிருந்து தியானத்துக்கும் வந்து கடைசி வரிசையில் உட்கார்கிறார். முகத்தை ஒழுங்காகப் பார்த்ததுகூடக் கிடையாது. பந்தே கேட்ட மாதிரியே ஒட்டாத ஆள்.

நாலாவது ஆளுக்கு யோசிக்கவே வேண்டாம். தணிகாசலம். ஸ்கூல் வேன் ஓட்டியவன். பிப்ரவரியில் ஒரு விடியற்காலை, ரயில்வே சிக்னல் பிரிவில் டூட்டி முடித்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரரை மேம்பாலத்துக்கு அடியில் இடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனவன். டீக்கடைக்காரர் ஒரு வெள்ளை வண்டி பறந்ததைப் பார்த்திருக்கிறார். இவன் வேன் வெள்ளை, முன்விளக்கு வேறு உடைந்திருந்தது. காம்பவுண்டுச் சுவரில் இடித்தது என்று இன்றுவரை சாதிக்கிறான். ஜாமீனில் வந்து அடுத்த தெருவிலேயே குடியிருக்கிறான், வெட்கம் கெட்டவன்.

அவன் முறை வந்தபோது எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஆகஸ்ட் 7, திங்கள்

முட்டை லோடு வரவில்லை. பிள்ளைகள் தட்டை நீட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்கள். தியானம் செய்யவில்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

காலையில் நானாகவே உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் கத்தியது.

என் அப்பா அந்தக் காலத்து பௌத்தர். மகளுக்குப் புத்தர் மனைவி யசோதரையின் பெயரை வைத்தார். கட்டினவன் விட்டுவிட்டுப் போவான் என்று பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார் போல. என் வீட்டுக்காரர் அறவாழிக்கு அரண்மனையும் இல்லை, போதி மரமும் இல்லை. மேம்பாலத்து அடியிலேயே முடிந்துவிட்டது. அடிபட்ட நிமிடமே உயிர் போயிருக்கும், கஷ்டமே தெரிந்திருக்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த ஒரு ஆறுதலில்தான் வண்டி ஓடுகிறது.

மூன்றாவது ஆளுக்கு நல்லது நினைத்ததற்குப் பலன் உடனே தெரிந்தது. கேனை வாசலில் வைத்துவிட்டுப் போகிற எத்திராஜ் இன்று சமையலறை வரைக்கும் தூக்கி வந்து ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்தார். "நீங்க இத்தையெல்லாம் தூக்காதீங்கம்மா, இனிமே நானே வெச்சிட்டுப் போறேன்" என்றார். தலை நிமிரவில்லை. கூச்ச சுபாவம் போலிருக்கிறது. மைத்ரி வேலை செய்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். பந்தேவிடம் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

இன்று நாலாவது ஆளிடமிருந்து ஓடவில்லை. உட்கார்ந்தேன். "நலமாக இருக்கட்டும்" என்று சொல்ல வாயெடுத்தால் "நாசமாகப் போகட்டும்" என்று வருகிறது. நெஞ்சு காய்ந்து, காது வரைக்கும் சூடு. கையை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

முடிந்ததும் பந்தேவைப் பிடித்துக்கொண்டேன். "கோவம் போக மாட்டேங்குதே பந்தே. நீங்க சொன்ன மாதிரிதான செய்யறேன்?"

"எதுக்குப் போகச் சொல்றீங்க?"

"பின்ன? வெச்சுக் கொஞ்சறதா?"

சிரித்தார். "என்ஜின் சூடாச்சுன்னா ரேடியேட்டர் மூடியை உடனே தொறக்கக் கூடாதும்மா, மூஞ்சி வெந்துடும். அதுக்காக வண்டிய விட்டுட்டு ஓடவும் கூடாது. ஓரமா நிறுத்திட்டுப் பக்கத்துல நிக்கணும். அதுவா ஆறும்."

"எவ்ளோ நேரம்?"

"அது வண்டியப் பொறுத்தது."

மெக்கானிக் புத்தி எங்கே போகும். ஆனால் வீடு வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

மார்க்கெட்டில் தணிகாசலத்தைப் பார்த்தேன். வெங்காய மூட்டை தூக்குகிறான். எந்த ஸ்கூலிலும் வேன் கொடுக்க மாட்டேன் என்கிறார்களாம். ஆள் பாதியாகிவிட்டான். மூட்டையை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன் என்னைப் பார்த்ததும் சட்டென்று லாரிக்குப் பின்னால் போய்விட்டான். முன்னெல்லாம் அவன் அப்படி ஒளிந்தால் எனக்கு மனசு குளிரும். இன்று என்னவோ போல ஆகிவிட்டது. கத்தரிக்காய் வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மாலை உட்கார்ந்தபோது தானாகவே வந்தது: நலமாக இருக்கட்டும். திரும்பச் சொன்னேன். வந்தது. அழுகை நிற்கவில்லை. நான் தணிகாசலத்தை மன்னித்துவிட்டேன். என்னால் முடிந்திருக்கிறது!

தீபிகாவுக்குப் போன் போட்டேன். "அம்மா, உனக்கு என்ன ஆச்சு?" என்று பயந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 30, பௌர்ணமி

விகாரில் பௌர்ணமிக் கூட்டம். செயலாளர் முந்தாநாளே கேள்விப்பட்டு, நீங்கள் பேசியே ஆக வேண்டும் என்று நிற்க, பந்தே மட்டும் "இத மேடையில சொல்லணுமா?" என்று இழுத்தார். இத்தனை நாள் கஷ்டப்பட்டதைச் சொன்னால் நாலு பேருக்கு உதவாதா என்று நான்தான் ஏறினேன். என் வீட்டுக்காரரைக் கொன்ற தணிகாசலத்தை மன்னித்துவிட்டேன் என்று மைக்கில் சொன்னேன். கை தட்டல் ஓயவில்லை. பொன்னாடை போர்த்தினார்கள். ஆளுக்கு ஆள் போனில் படம் பிடித்தார்கள். பொய் சொல்வானேன், பெருமையாகத்தான் இருந்தது.

கடைசி வரிசையில் எத்திராஜ் பாதியில் எழுந்து போனார். செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. வயிற்றுக்கு ஏதோ சரியில்லை போல, பாவம்.

செப்டம்பர் 2, சனி

எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மேடையில் சொன்னதை நேரிலும் சொல்லிவிட வேண்டும் என்று ஆப்பிள் வாங்கிக்கொண்டு தணிகாசலம் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்சாதி கன்னியம்மா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"இன்னாத்துக்கு வந்த?"

"தணிகாசலத்துகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். நான் அவர மன்னிச்சுட்டேன்னு."

குரல் கேட்டு அவனே வெளியே வந்தான். "எத்துக்கு யக்கா?" என்றான். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டான்.

"செஞ்சதுக்கு."

"நான்தான் ஒண்ணும் செய்யலியே. மொத நாள்லேந்து அத்தான சொல்லினுகீறேன்."

கன்னியம்மா சாம்பல் கையோடு எழுந்தாள். "ஊரு பூரா உன் வீடியோதான் ஓடுது. இத்தினி நாளு பாதிப் பேராவது, 'அவன் செஞ்சிருப்பானா, செஞ்சிருக்க மாட்டானா'ன்னு பேசினு இருந்தாங்க. 'செத்தவன் பொண்டாட்டியே மன்னிச்சிட்டா, அப்ப இவன்தான் செஞ்சிகீறான்'னு நேத்து மூட்ட தூக்கற எடத்துலயே சொல்லிட்டாங்க. சால்வயப் போத்திகினு வந்து எங்க வாய மூடிட்டியே! நீ மண்ண வாரித் தூத்தினப்பகூடத் தாங்கிகினோம். கோவத்துல பேசுது, உண்ம தெரிஞ்சா அதுவே வந்து பேசும்னு இவரு சொல்வாரு. இப்ப நீ மன்னிச்சிட்ட. இதுக்கு மேல இன்னாத்த சொல்லி நாங்க தப்பிக்கறது?"

திட்டு வாங்கியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். ஆப்பிள் பையை மட்டும் நீட்டினேன்.

"உன் மன்னிப்ப எட்துகினு போ. அத்த வெச்சிகினு நாங்க என்னா பண்றது?" என்று பையைத் திருப்பிக் கையில் திணித்தாள். வரும் வழியெல்லாம் எனக்கு அவ்வளவு ஆத்திரம். கொடுத்ததை வாங்கத் தெரியாத ஜனம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவன் "எத்துக்கு?" என்று கேட்ட முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

விகாருக்குப் போகவில்லை.

செப்டம்பர் 4, திங்கள்

என்ன எழுதுவது. நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன்.

சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. சமையல்கார அம்மா ரேஷன் மூட்டையை இறக்கப் போயிருந்தாள். எத்திராஜ் கேன் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டுப் போகாமல் கதவோரம் நின்றார்.

"அம்மா, அன்னிக்கு வண்டி தணிகாசலத்துது இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்னுது."

எனக்கு முதலில் புரியவேயில்லை. ஜன்னல் வழியாகக் குட்டி யானை தெரிந்தது. வெள்ளை வண்டி. முன்பக்க பம்பர் மட்டும் புதுசு. எத்தனை மாதமாக அது என் வாசலில் வந்து நிற்கிறது! கையில் கரண்டி இருந்தது. அதைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அவர் சுவரைப் பார்த்துப் பேசினார். விடியற்காலை முதல் லோடு. கண் அசந்துவிட்டது. இறங்கிப் பார்த்தாராம்.

"உயிர் இருந்திச்சிம்மா. கண்ணத் தொறந்து என்னப் பாத்தாரு. 'தண்ணி'ன்னாரு. வண்டி பூரா தண்ணிம்மா. எடுக்கத்தான் போனேன். தூரத்துல ஏதோ லைட்டு தெரிஞ்சிது. பயந்துகினு ஏறி ஓட்டிட்டேன்."

பிறகு வண்டியை மாமியார் ஊரில் கொஞ்ச நாள் போட்டு வைத்தாராம். நான் எப்படி இருக்கிறேன் என்று பார்க்கத்தான் விகாருக்கு வந்தாராம். "எல்லாரும் நல்லா இருக்கட்டும்னு கண்ண மூடினு சொன்னாங்க. அந்த எல்லாருல நானும் கீறேனான்னு தெரியல. அதுக்கே வந்துனு இருந்தேன். நீங்க அன்னிக்கு மேடயில அவரு பேரச் சொன்னதும் என்னால முடியலம்மா."

மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வந்து நின்றார்கள். நான் சாதம் போட்டேன். சாம்பார் ஊற்றினேன். யாருக்கு முட்டை வைத்தேன், யாருக்கு வைக்கவில்லை, தெரியாது. "டீச்சர், எனக்கு ரெண்டு வெச்சிட்டீங்க" என்று ஒரு குட்டிப் பெண் திருப்பிக் கொடுத்தாள். திரும்பிப் பார்த்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

தண்ணீர் கேட்டிருக்கிறார்.

செப்டம்பர் 5, செவ்வாய்

லீவு போட்டுவிட்டேன். தண்ணீர் கேட்டிருக்கிறார்.

செப்டம்பர் 6, புதன்

சமையலறையில் இருந்த கேனைத் தூக்கிக் கொல்லையில் கவிழ்த்தேன். காலி கேனைச் சுவரில் அடித்தேன், பிளாஸ்டிக் உடையக்கூட மாட்டேன் என்கிறது. இவன் கொண்டுவந்த தண்ணீரில்தான் நான் இத்தனை மாதம் சமைத்திருக்கிறேன். குடித்திருக்கிறேன். காலையில் உட்கார்ந்து இவனுக்கு நல்லது வேறு நினைத்திருக்கிறேன். இவன் சாக வேண்டும். நாக்கு வறண்டு சாக வேண்டும். எழுதிவிட்டேன், அழிக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்று பந்தே தேடிக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். "உங்க மைத்ரியும் வேணாம், ஒண்ணும் வேணாம், எடுத்துட்டுப் போங்க! செய்யாதவன மேடை போட்டு மன்னிச்சேன். கொன்னவனுக்குத் தெனம் காலைல பூஜ பண்ற மாதிரி நல்லது நெனைச்சேன். இதுல எங்க இருக்குது ஞானம்?"

அவர் முகம் வெளுத்துப்போனது. ஏதாவது சூத்திரம் சொல்வார், பிடித்துக் கிழித்துவிடலாம் என்று காத்திருந்தேன். "எனக்குத் தெரியலம்மா" என்றார். கண் கலங்கியிருந்தது. "அன்னிக்கு மேடை வேணாம்னு இன்னும் அழுத்தி சொல்லியிருக்கணும்."

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். வெளியே பழைய பேப்பர்காரர் கத்திக்கொண்டு போனார்.

"இப்ப யார எந்த எடத்துல வைக்கறது? நீங்களே சொல்லுங்க."

"யாரையும் வைக்காதீங்க. மொத எடத்துல ஒருத்தங்க இருக்காங்க இல்ல? அங்கயே இருங்க. அதத் தாண்ட வேணாம்."

அவர் போனபிறகு அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். யசோதரை. சத்துணவு அமைப்பாளர். புருஷன் தாகத்தோடு செத்தவள். நலமாக இருக்கட்டும் என்று சொல்ல வரவில்லை. என் நெஞ்சில் நானே கையை வைத்துக்கொண்டு ஐயோ, ஐயோ என்றுதான் சொன்னேன். அவர் செத்த அன்றுகூட நான் இப்படி அழவில்லை.

செப்டம்பர் 8, வெள்ளி

அடுத்த வாரம் தணிகாசலத்தின் வழக்கு கோர்ட்டுக்கு வருகிறது. எத்திராஜ் இன்னும் போலீசுக்குப் போகவில்லை. இரண்டு நாளாக வேறு யாரோ கேன் போடுகிறார்கள். நானே போய்ச் சொல்லிவிடலாம் என்று புடவை மாற்றிக்கொண்டு கிளம்பும்போது ஆள் வாசலில் வந்து நின்றார். சவரம் செய்யவில்லை.

"அம்மா, நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா போதும். மன்னிச்சிட்டேன்னு. அப்புறம் நான் எங்கனா கண்ணு காணாத எடத்துக்குப் போயிடறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பயந்து ஒரு அடி பின்னால் போனார்.

"மன்னிப்பு இப்ப என்கிட்ட கைவசம் இல்ல எத்திராஜ். போன வாரந்தான் தப்பான வீட்டுல குடுத்துட்டு வந்தேன். அவங்களும் வாங்கிக்கல."

தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க கண்ணு காணாம போனா, மூட்ட தூக்கறவர் ஜெயிலுக்குப் போகணும். ஸ்டேஷனுக்குப் போங்க."

"பயமாகீதும்மா. ஸ்டேஷன் வாசல் வரிக்கும் ரெண்டு வாட்டி போய்ட்டு வந்துட்டேன்."

சொல்லும்போதே ஒரு காலைத் தெருப்பக்கம் இறக்கி வைத்துவிட்டார். அன்றைக்கும் இப்படித்தான் பயந்து வண்டி ஏறியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. கோபம் அப்படியேதான் இருந்தது, ஒரு பிடிகூடக் குறையவில்லை. அதோடு சேர்த்து இதுவும் தெரிந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"நாளைக்குக் காலைல வாங்க. நானும் கூட வரேன்" என்றேன். சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்றே உறைத்தது.

செப்டம்பர் 9, சனி

வருவாரா என்று சந்தேகமாகத்தான் இருந்தது. வந்துவிட்டார்.

முதலில் தணிகாசலம் வீட்டுக்குப் போனோம். எத்திராஜைத் தெருமுனையில் நிற்க வைத்துவிட்டு நான் மட்டும் போய்ச் சொன்னேன். தணிகாசலம் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். கன்னியம்மா அழவில்லை. "உன்ன நான் மன்னிக்க மாட்டேன்" என்றாள். "சரி கன்னியம்மா" என்றேன். வேறென்ன சொல்வது. ஸ்டேஷனுக்கு ஆட்டோ கிளம்பும்போது பார்த்தால் முந்தானையைச் செருகிக்கொண்டு அவளும் பின்னாலேயே வேகமாக வந்துகொண்டிருந்தாள், என் காதால கேக்காம நம்ப மாட்டேன் என்று.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. டிபன் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். எத்திராஜ் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். "இவர் ஒரு ஆக்சிடெண்ட் கேஸ்ல வாக்குமூலம் குடுக்கணும்" என்று நான்தான் சொன்னேன்.

"நீங்க யாரும்மா இவருக்கு?"

"இறந்தவரோட சம்சாரம்."

எஸ்.ஐ. துண்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். எழுதத் தயாராக இருந்த ரைட்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்னையும் எத்திராஜையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கன்னியம்மா கதவருகில் தலையில் கை வைத்துக்கொண்டாள். கடைசியில் எஸ்.ஐ.தான் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

எத்திராஜ் சொல்லத் தொடங்கினார். ரைட்டர் எழுதினார். வண்டியை விட்டு இறங்கிய இடம் வந்ததும் எத்திராஜ் என் பக்கம் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். என்ன வரப்போகிறது என்று எஸ்.ஐ.க்குப் புரிந்திருக்க வேண்டும்.

"நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா. இதெல்லாம் நீங்க கேக்க வேணாம். இந்த எடத்த நான் தனியா கேட்டு எழுதிக்கறேன்."

என் உடம்பு எழுந்திருக்கத்தான் பார்த்தது. கைப்பையைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"இல்ல சார். என் எதிர்லயே சொல்லட்டும். அவர் கடைசியா கேட்டது அது. அன்னிக்குத்தான் நான் பக்கத்துல இல்ல."

எத்திராஜ் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சொன்னார். நான் எழுந்திருக்காமல் முழுவதையும் கேட்டேன்.